துணைக்கு ஆள்

கிராம சுகாதாரச் செவிலியர் வேலையை விட்டுப் போனவர்களில் பிரசவத்துக்குப் பயந்து போனவர்கள் சிலர்தான். சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு ஒரு ஊரில் ஒத்தையில் உட்கார்ந்திருக்க முடியாமல் போனவர்களே அதிகம். என்னோடு பயிற்சி முடித்த பெண்களிலேயே அப்படி வீட்டுக்குத் திரும்பியவர்கள் உண்டு. நஞ்சு பிரியாவிட்டால் என்ன செய்வது, பிறந்த பிள்ளை அழாவிட்டால் என்ன செய்வது என்றெல்லாம் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். முன்பின் தெரியாத ஊரில், பேச ஒரு ஆளில்லாமல், இருபத்திரண்டு வயசில் எப்படி நாளைக் கடத்துவது என்று எவரும் சொல்லவில்லை. நான் அப்படி ஒரு ஊரிலேயே இருந்து பழகியவள். அதனால் இதை எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் திருவையாற்றுப் பக்கம். 1984-ல் எனக்கு வேலை உத்தரவு வந்த ஊர் அப்போது திருநெல்வேலி மாவட்டம். இரண்டு வருசம் கழித்துத்தான் தூத்துக்குடியைத் தனி மாவட்டமாகப் பிரித்தார்கள். கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலி போகிற பஸ்ஸில் ஏறி இடைசெவலில் இறங்கி, புஞ்சைக்காட்டு வழியாக நடந்து போக வேண்டிய ஊர். அந்த ஊரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அங்கே ஒவ்வொரு வீட்டின் உள்விஷயமும் எனக்குத் தெரியும். ஊரைச் சொன்னால் ஆளைச் சொன்ன மாதிரி ஆகிவிடும். பஸ் ஏறியது, கடிதம் போட்டது, காய்கறி வாங்கியது எல்லாம் இடைசெவலில்தான். யாராவது எங்கே வேலை என்று கேட்டால் இடைசெவல் என்றுதான் சொல்லுவேன்.

காவிரிப் பாசனத்தில் வளர்ந்தவளுக்குக் கரிசல் முதலில் கண்ணைத்தான் வருத்தும். வைகாசி மாசம் போய் இறங்கினேன். கண்ணுக்கு எட்டிய மட்டும் கறுத்த மண், கால் நுழைகிற அளவுக்கு வெடிப்பு, அங்கங்கே உடைமரம், தூரத்தில் குருமலை. ஆள் நடமாட்டமே இல்லை. வருசத்துக்கு 700 மில்லிமீட்டரை ஒட்டிப் பெய்கிற மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வந்துவிடும். அந்த மழையை நம்பித்தான் கம்பும் சோளமும் உளுந்தும் பருத்தியும் மிளகாயும். மழை பெய்தால் வேறு சங்கடம். அந்த மண் காலைப் பிடித்துக்கொள்ளும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, தோளில் தடுப்பூசிப் பெட்டியோடு, அடிக்கொரு தரம் குச்சியால் பாதத்து மண்ணைச் சுரண்டிச் சுரண்டி நடக்க வேண்டும். அந்த இரண்டு மாசம் பஸ் நிறுத்தத்துக்கு நடந்துபோவதே பெரும்பாடு. அந்த மாசங்களில்தான் தனிமை மிகவும் கனத்தது.

எங்கள் துணைச் சுகாதார நிலையம் ஊர்க் கடைசியில் இருந்தது. 5,000 பேருக்கு ஒரு நிலையம் என்பது கணக்கு. முன்னறை ஆஸ்பத்திரி, பின்னறை வீடு. கிணற்றுத் தண்ணீர் உப்பு. நல்ல தண்ணீருக்கு ஊருணிக்குப் போக வேண்டும். குடத்தோடு நான் போகும்போது ஊருணிக் கரையில் பேச்சு நின்றுவிடும். நான் முதுகு காட்டியதும் தொடரும். சின்ன ஊருக்குப் போகிறவர்கள் இதை நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும்: அங்கே யாரும் நம்மைப் பார்க்காமல் இருப்பதில்லை. நான் எத்தனை மணிக்கு விளக்கை அணைத்தேன், என்ன குழம்பு வைத்தேன், யார் கடிதம் போட்டார்கள் என்பது ஊருக்கே தெரியும். அத்தனை கண்ணும் மேலே இருக்க, பேச மட்டும் ஒரு வாய் கிடையாது. பட்டணத்துத் தனிமை வேறு, இது வேறு. பட்டணத்தில் ஒரு டீக்கடையில் போய் முகம் தெரியாதவளாக உட்காரலாம். இங்கே அதுவும் இல்லை.

ஊர் விலகி நின்றதற்குக் காரணம் இருந்தது. அந்தக் காலத்தில் நர்சு என்றால் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு ஆள் பிடிக்க வருகிறவள். மாசாமாசம் இத்தனை கேஸ் என்று எங்களுக்கு இலக்கு உண்டு. நான் தெருவுக்குள் நுழைந்தால் இரண்டு பிள்ளை பெற்றவள் கதவைச் சாத்திக்கொள்வாள். தகுதியுள்ள தம்பதியர் பதிவேட்டைக் கையில் பார்த்தாலே மாமியார்கள் முகம் மாறும். போதாததற்கு ஊர் இரண்டாகக் கிடந்தது. காலனியில் ஒரு கர்ப்பிணி வீட்டில் நான் தண்ணீர் வாங்கிக் குடித்த செய்தி எனக்கு முன்னால் மேலத்தெருவுக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு மேலத்தெருவில் சில வீடுகளில் செம்பு வெளியே வரவில்லை. நான் இரண்டு பக்கமும் குடித்தேன். கொடுக்காத வீட்டிலும் கேட்டு வாங்கிக் குடித்தேன். இதில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது என் உறுதி. ஒரு தெருவோடு மட்டும் ஒட்டிக்கொண்டால் தனிமை சீக்கிரம் தீரும். ஆனால் இன்னொரு தெருவின் பிள்ளைக்கு ஊசி போடுகிற தகுதி போய்விடும்.

பகலில் ஊர் காலி. விடியுமுன் தீப்பெட்டி ஆபீஸ் வேன் வந்து பெண்பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போய்விடும். மிச்சப் பேர் களைவெட்டு, பருத்தி எடுப்பு. கர்ப்பிணிகளைப் பார்க்க நான் காட்டுக்கே போவேன். வரப்பில் உட்காரவைத்து ரத்தச்சோகைக்குக் கண்ணிமையைப் பார்த்து, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்துவிட்டு வருவேன். அது வேலை, அதில் தனிமை தெரியாது. திரும்பி வந்து, கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்க வைத்து எடுத்து, பதிவேடு எழுதி, பொழுது சாய்ந்ததும் தனிமை வந்து நிற்கும்.

ரேடியோ உதவியது. அந்த நாளில் தென்மாவட்டங்களில் இலங்கை வானொலி தெளிவாகக் கேட்கும். திருநெல்வேலி நிலையமும் உண்டு. ஒரு குரல் வீட்டுக்குள் இருப்பது நல்லதுதான். ஆனால் அந்தக் குரல் நம்மிடம் எதுவும் கேட்காது. அதனால் அது ஓரளவுக்கு மேல் எட்டாது.

ராத்திரிதான் பயம். குடித்துவிட்டு வந்து கதவைத் தட்டுகிறவர்கள் இருந்தார்கள். ஊசி போடணும், மாத்திரை வேணும் என்று குரல் வரும். உண்மையான அவசரமா, இல்லையா என்று கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கணிக்க வேண்டும். திறக்காமல் விட்ட ஒரு தட்டல் நிஜமான பிரசவமாக இருந்துவிட்டால் என்ன ஆகும் என்கிற நினைப்பிலேயே விடிந்துவிடும். தனியாக இருக்கும் செவிலியர்களின் தூக்கத்தைப் பற்றி யாராவது எழுத வேண்டும்.

அந்த ஊரில் எனக்கு முன்பே பேறுகாலம் பார்க்க ஒரு கிழவி இருந்தாள். மருத்துவச்சி. ஊரில் பாதிப் பேர் அவள் கையில் விழுந்தவர்கள். தன் பிழைப்பில் மண் போட வந்தவள் என்று என்மேல் அவளுக்குக் கோபம். அவள் பார்க்கிற பிரசவத்தில் ஏழாம் நாள் பிள்ளைக்கு இசிவு வந்துவிடுமோ என்று எனக்குப் பதைப்பு. தொப்புள்கொடியை எதைக் கொண்டு அறுப்பார்கள், எதை வைப்பார்கள் என்பதில்தான் அப்போது பிள்ளைகளின் உயிர் இருந்தது. அடைமழை நாளில் ஒரு வீட்டில் இரண்டு பேரும் ஒன்றாக மாட்டிக்கொண்டோம். தலைப்பிள்ளை, பஸ்ஸும் இல்லை, வண்டியும் போகாது. கிழவி வயிற்றைத் தொட்டுப் பார்த்து, தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று சொன்னாள். நான் பரிசோதித்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. விடியும் வரை அவள் அந்தப் பெண்ணின் இடுப்பைத் தாங்கிப் பிடித்தாள். புதுப் பிளேடும் கொதிக்க வைத்த நூலும் என்னிடம் இருந்தன. பிள்ளை அழுத பிறகு, கை கழுவிக்கொண்டே கேட்டாள்:

“ராத்திரி அந்த வீட்ல ஒத்தையிலயா படுக்க, தாயி?”

“ஆமா பாட்டி.”

“வயசுப்புள்ள ஒத்தையில படுக்கலாமா? நீ ஒரு வாய் சொல்லியிருக்கப்படாதா?”

மறுநாள் பொழுது அடைய, பாயைச் சுருட்டி இடுக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அந்தப் பக்கத்தில் இது வழக்கம். புருசன் வெளியூர் போயிருக்கிற வீட்டுக்கு, துட்டி விழுந்த வீட்டுக்கு, பேறுகாலத்துக்குக் காத்திருக்கிற வீட்டுக்கு யாராவது துணைக்குப் படுக்கப் போவார்கள். கூலி கிடையாது, அழைப்பும் பெரிசாகக் கிடையாது. ஆனால் தேவை இருக்கிறது என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அரசாங்கத்து ஆளுக்கு எதுவும் தேவைப்படாது என்று ஊர் நினைத்திருந்தது. நானும் மாத்திரை, ஊசி, அறிவுரை என்று கொடுக்கிறவளாகவே நடமாடினேன். கொடுக்கிறவரிடம் ஜனங்கள் மரியாதையாக இருப்பார்கள், நெருங்க மாட்டார்கள். கைமாற்று வாங்குகிறவரிடம்தான் நெருங்குவார்கள். இத்தனை வருசத்தில் தனிமையைப் பற்றி நான் கற்றுக்கொண்ட விஷயம் இது ஒன்றுதான்.

அதன் பிறகு கேட்க ஆரம்பித்தேன். கறிவேப்பிலை கேட்டேன். அம்மி கொத்த ஆள் யார் என்று கேட்டேன். குதிரைவாலிச் சோறு வடிக்கும் பக்குவம் கேட்டேன். காணத்துவையலும் மிதுக்கவத்தலும் அப்படித்தான் என் வீட்டுக்குள் வந்தன. கொடுத்துவிட்டுப் போகிறவள் இரண்டு வார்த்தை பேசாமல் போவதில்லை. கிழவி ராத்திரி படுத்துக்கொண்டு எந்த வீடு எந்த வீட்டுக்குச் சம்பந்தம், யார் யாரோடு பேச்சு இல்லை, எந்தப் பெண் தள்ளிப்போனதை மறைக்கிறாள் என்றெல்லாம் சொல்லுவாள். என் பதிவேட்டில் அதுவரை வெறும் எண்ணாக இருந்த வீடுகளுக்கு மனுசர்கள் வந்தார்கள். நான் அவளுக்கு ஐந்து சுத்தத்தைச் சொல்லிக் கொடுத்தேன்: கை, தரை, பிளேடு, கட்டும் நூல், தொப்புள். பாடம் மாதிரிச் சொன்னால் கேட்டிருக்க மாட்டாள். தூக்கம் வராத ராத்திரிகளில் பேச்சோடு பேச்சாகக் கேட்டுக்கொண்டாள். தாய்க்கும் சிசுவுக்கும் வரும் இசிவு நோயை இந்தியா ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2015-ல் அறிவித்தபோது அவள் உயிரோடு இல்லை. அதில் டி.டி. என்கிற இசிவுத் தடுப்பூசிக்கு உள்ள பங்கு பெரிது. பாயைச் சுருட்டிக்கொண்டு வந்த அந்த மாதிரிக் கிழவிகளுக்கும் அதில் பங்கு உண்டு.

தீப்பெட்டி ஒட்டுவதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆபீசுக்குப் போகாத பெண்கள் சாயங்காலம் திண்ணையில் வட்டமாக உட்கார்ந்து பெட்டி ஒட்டுவார்கள். நடுவில் பசைச் சட்டி. விரல் தானாக மடிக்கும், தடவும், ஒட்டும். பார்வை வேலையில் இருப்பதால் வாய் தாராளமாகத் திறக்கும். எதிரும் புதிருமாக உட்கார்ந்து நான் கேட்டபோது பதில் சொல்லாத பெண்கள், கூட உட்கார்ந்து நானும் பெட்டி மடித்தபோது தாங்களாகவே சொன்னார்கள். வெள்ளைப்படுதல், புருசன் அடி, மூன்றாவதும் பெண்ணாகப் போன பயம் எல்லாம் அந்தத் திண்ணையில்தான் வெளியே வந்தது. நான் ஒட்டிய பெட்டியை அந்தந்த வீட்டுக் கணக்கில் சேர்த்துவிடுவேன். சேர்ந்து வேலை செய்வது சும்மா சேர்ந்து உட்காருவதைவிட நெருக்கமானது என்பேன். புது ஊரில் தனியாகத் தவிக்கிறவர்கள் பேச்சுத் துணையைத் தேடுகிறார்கள். அங்கே நடக்கிற ஏதாவது ஒரு கைவேலையைத் தேடிப் போகச் சொல்லுவேன். பேச்சு கூடவே வந்துவிடும்.

அந்தத் திண்ணையில்தான் இன்னொன்று பிடிபட்டது. ஊரில் ஒத்தையில் இருந்தவள் நான் மட்டும் இல்லை. வாழ்க்கைப்பட்டு வந்த மருமகள்கள் அத்தனை பேரும் என் கட்சி. மாமன் மகனைக் கட்டியவளுக்குப் பரவாயில்லை, சின்ன வயசிலிருந்தே பழகிய வீடு. அசலில் இருந்து வந்தவள் பாடுதான் பாடு. ஒரு பெண் சாத்தூருக்கு அப்பாலிருந்து வந்தவள். மாமியார் வீட்டில் அடுப்படிப் பேச்சு தெலுங்கு. அவளுக்குத் தெலுங்கு அரைகுறை. எல்லாரும் சிரிக்கும்போது எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாது. கர்ப்பமாகி ஏழாம் மாசம் வரை எடை ஏறவில்லை. மாத்திரை சாப்பிடுகிறாள், நோய் ஒன்றும் இல்லை. அவளைத் தினமும் சாயங்காலம் பெட்டி ஒட்டும் திண்ணைக்கு அனுப்பச் சொல்லி மாமியாரிடம் கேட்டேன். எனக்குக் கணக்கு எழுத ஒரு ஆள் வேண்டும் என்று காரணம் சொன்னேன். உண்மையிலேயே எழுதவும் செய்தாள், அழகான கையெழுத்து. ஒன்பதாம் மாசம் எடை வந்துவிட்டது. மருந்துப் பெட்டியில் இல்லாத மருந்து அது. ஏட்டில் எழுத அதற்கு ஒரு கட்டமும் இல்லை.

யோசித்தால் அந்த ஊர்களே வந்தேறியவர்களின் ஊர்கள். தெலுங்கு தேசத்திலிருந்து தப்பி வந்து இந்தக் கறுத்த மண்ணில் காடு திருத்திக் குடியேறியவர்களின் கதையைத்தான் இடைசெவல்காரரான கி. ராஜநாராயணன் ‘கோபல்ல கிராமம்’ என்று 1976-ல் நாவலாக்கினார். அதை நான் வாசித்தது அந்தத் துணை நிலையத்துப் பின்னறையில். என் முகத்தைப் பார்த்துப் பேச்சை நிறுத்திய பெண்களின் பாட்டிகளுக்கும் ஒரு காலத்தில் இந்த மண் அந்நியமாக இருந்தது என்று தெரிந்ததும் அவர்கள்மேல் எனக்கு இருந்த வருத்தம் குறைந்தது.

இடைசெவலில் பிறந்த இன்னொருவர் கு. அழகிரிசாமி. இரண்டு பேரும் ஒரே காலத்துக்காரர்கள், இளவயதுச் சேக்காளிகள். அழகிரிசாமி வேலை தேடிச் சென்னை போனார். 1950-களில் கோலாலம்பூரில் ‘தமிழ் நேசன்’ பத்திரிகையில் வேலை பார்த்தார். கி.ரா. ஊரிலேயே சம்சாரியாக இருந்துவிட்டார். அழகிரிசாமி நண்பருக்கு எழுதிய கடிதங்கள் பின்னால் புத்தகமாக வந்தன. ஊரை விட்டுப் போனவருக்குத்தான் தனிமை என்று நாம் நினைக்கிறோம். சேக்காளி போன பிறகு ஊரிலேயே தங்கியவருக்கும் அது உண்டு. இரண்டு பேரையும் தபால்தான் தாங்கியது. அழகிரிசாமி 1970-ல் நாற்பத்தாறு வயசில் காலமானார். அந்த வருசத்துச் சாகித்ய அகாதெமி விருது அவர் மறைந்த பிறகு ‘அன்பளிப்பு’ தொகுதிக்கு வந்தது. இளவயதில் காசநோயில் கிடந்து எழுந்த கி.ரா. 2021 வரை இருந்தார்.

நானும் கடிதம் எழுதினேன். பயிற்சிக்கால சிநேகிதிகள் ஆளுக்கொரு மூலையில் இருந்தோம். பிரசவத்தில் கண்ட சிக்கல், மேலதிகாரியிடம் வாங்கிய ஏச்சு, அழுகை எல்லாம் இன்லண்டு தாளில் போகும். வேலையின் சங்கடம் வேலை தெரிந்தவளுக்குத்தான் விளங்கும். ஊர் ஜனம் எவ்வளவு அன்பாக இருந்தாலும் அந்த இடத்தை நிரப்ப முடியாது. மாதக் கூட்டத்துக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போவதை மற்றவர்கள் தண்டனையாகப் பேசுவார்கள். கூட்டம் முடிந்து நாலு நர்சுகள் கோவில்பட்டிப் பஸ் நிலையத்தில் கடலை மிட்டாய் வாங்கிக் கொறித்துக்கொண்டு நிற்கிற அந்த நேரத்துக்காக நான் மாசம் பூராவும் காத்திருப்பேன்.

1995-ல் தென்மாவட்டங்களில் சாதி மோதல் மூண்டது. பஸ் ஓடாது, தெருவுக்குத் தெரு காவல். மேலத்தெருவுக்கும் காலனிக்கும் இடையில் போய்வந்த ஒரு சிலரில் நானும் ஒருத்தி. இரண்டு பக்கமும் தண்ணீர் குடித்தவள் என்கிற பெயர் அன்று உதவியது. காலனியில் ஒரு பெண்ணுக்கு வலி கண்டபோது வண்டி கட்டிக் கொடுத்தவர் மேலத்தெருக்காரர். அதற்குமேல் அந்த நாட்களைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை.

இப்போது காலம் மாறிவிட்டது. 2008-ல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. பிரசவம் எல்லாம் ஆஸ்பத்திரியில்தான். ராத்திரி நர்சு வீட்டுக் கதவை யாரும் தட்டுவதில்லை. இளம் செவிலியர்கள் பலர் கோவில்பட்டியில் குடியிருந்து ஸ்கூட்டியில் வந்து போகிறார்கள். நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்; பிள்ளைகள் படிப்பு, பாதுகாப்பு எல்லாம் இருக்கிறது. ஆனால் அவர்களும் என்னிடம் வந்து, ஊரில் ஒட்டவே முடியவில்லை அக்கா என்கிறார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு வண்டியைக் கிளப்பிவிட்டால் எப்படி ஒட்டும்? பெண்கள் காட்டிலிருந்து திரும்புவதே அதற்குப் பிறகுதான். வாரத்தில் ஒரு நாளாவது பொழுது அடைகிற வரை இருந்துவிட்டுப் போங்கள் என்று சொல்லுவேன்.

தனிமையும் இடம் மாறிவிட்டது. பிள்ளைகள் திருப்பூர், கோயம்புத்தூர், சென்னை என்று போய்விட்டார்கள். வீட்டில் கிழவன் கிழவி, பல வீட்டில் கிழவி மட்டும். 2021-ல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியதிலிருந்து சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரை வீடு தேடி வருகிறது. கொண்டுவருகிற பெண்ணைச் சீக்கிரம் போக விடாமல் பிடித்துவைத்துக்கொள்கிறார்கள் பெரியவர்கள். ரத்த அழுத்தம் பார்த்த பிறகும் கையை நீட்டியபடியே இருக்கிறார்கள். தனிமை உடம்பைக் கெடுக்கும் என்பதை உலக சுகாதார நிறுவனமே இப்போது சொல்கிறது: உலகில் ஆறு பேரில் ஒருவருக்குத் தனிமை உணர்வு உண்டு என்று 2025-ல் அறிக்கை வெளியிட்டது. பிரிட்டன் 2018-லேயே இதற்கென்று ஒரு அமைச்சரை வைத்தது. அரசாங்கம் கவனிப்பது நல்லது. ஆனால் ராத்திரி துணைக்குப் படுக்க ஒரு ஆளை எந்த அரசாணையும் அனுப்பாது.

இதை வாசிக்கிறவர்கள் சின்ன ஊர்க்காரர்களாக இருந்தால் ஒரு விண்ணப்பம். உங்கள் ஊருக்கு நர்சு வரலாம், டீச்சர் வரலாம், இப்போதெல்லாம் வெளி மாவட்டத்திலிருந்து சின்னப் பிள்ளைகள் கிளைத் தபால் நிலையத்துக்கு வேலைக்கு வருகிறார்கள். அவர்கள் வந்த முதல் வாரத்திலேயே போய், நல்ல தண்ணீர் எங்கே எடுக்கிறாய், ராத்திரி துணைக்கு யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பிவிட்டுத் தனியாக இருக்கிற ஒரு பாட்டி உங்கள் தெருவில் நிச்சயம் இருப்பாள். அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.